படுத்தபடி போலீஸ் தேர்வுக்குப் போனவள்

1

ஒரு போலீஸ்காரரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, வேலைக்கு அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். புதிதாகப் பெரிய ஆளெடுப்பு வருகிறது என்பதால், இங்கே பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் நான் எழுதும் பத்திரிகை கேட்டிருந்தது. சீருடை, பூட்ஸ், ஆறு மாதச் சாப்பாடு, [மொத்தத் தொகை: பிறகு நிரப்ப வேண்டும்]. பட்டியல் பாதியில் இருக்கும்போது, தேர்வு மைதானத்து வாசலில் வந்து நின்ற சரக்கு ஏற்றும் ஒரு மோட்டார் டிரைசிக்கிள் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். கட்டுரை அதோடு போயிற்று. ஆசிரியர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

2

தொடக்கம் ஒன்று: "நாட்டுக்கு இன்னும் போலீஸ் வேண்டும் என்று எல்லோரும்..." வேண்டாம். அடித்துவிட்டேன், நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

தொடக்கம் இரண்டு: அர்னெல் தன் மனைவி ஜெர்லினை அன்று காலை எழுந்திருக்கவே விடவில்லை.

தூங்கி எழும்போது மனிதர் சற்று உயரமாக இருப்பார். நிற்க நிற்கக் குறைந்துவிடுவார். போன வருடம் போலீஸ் தேர்வில் பிற்பகல் வரை வரிசையில் நின்று, உயரம் அளந்தபோது அரை சென்டிமீட்டரில் தோற்றாள் ஜெர்லின். அடுத்த மாதம் வயது வரம்பும் தாண்டிவிடும். இதுதான் கடைசித் தடவை. ஆகவே படுக்க வைத்தே கஞ்சி ஊட்டினான், வாய் துடைத்துவிட்டான், பாயோடு தூக்கித் தன் வண்டியில் கிடத்தினான். (மற்ற காலைக்கடன்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

"என்னப்பா அர்னெல், பொணமா, பிரசவமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போலீசு!" என்று பாயிலிருந்து பதில் வந்தது.

3

இங்கேதான் அர்னெல்மேல் எனக்குச் சந்தேகம். அவள் போவதில் அவனுக்குத் துளியும் இஷ்டமில்லை. தேர்வானால் ஆறு மாதம் பயிற்சி. பிறகு எந்தத் தீவில் வேலையோ. மகளுக்கு மூன்று வயது. பிள்ளை அம்மாவை மறந்துவிடும், அம்மா தன்னை மறந்துவிடுவாள் என்று அவனுக்குப் பயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை, வேலை பார்க்கும் கடையில் ஒப்பந்தம் முடிந்து, 'நாளையிலிருந்து வராதே' என்ற பேச்சை வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்புவதைப் பார்த்தவன் அவன்.

மைதானத்துக்கு இரண்டு வழி. ஆற்றோரத் தார்ச்சாலை சுற்றுவழி. குவாரி வழி கிட்டம், ஆனால் முழுக்கக் குண்டும் குழியும். அதில் போனால் அரை சென்டிமீட்டர் எங்கோ உதிர்ந்துவிடும் என்று அவன் நம்பினான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது.

4

முதல் பிரதியில் அவனைக் குவாரி வழியாகத்தான் விட்டேன். [கண்ணீர் மறைக்க, வெறிபிடித்தவனாய் ஆக்சிலேட்டரைத் திருகி —] இல்லை. அவ்வளவு சினிமா அவனிடம் கிடையாது.

இரண்டு வழியும் பிரியும் இடம் வந்ததும் வண்டியை நிறுத்தினான். குவாரி வழியை ஒருமுறை பார்த்தான். பிறகு ஆற்றோரமாகத் திருப்பி, முட்டை ஏற்றிப் போகிறவனைப் போல ஓட்டினான்.

"நேரமாகுது அர்னெல். குவாரி வழியா போயிருக்கலாம்ல?"

"பேசாம படு. பேசினா குறைஞ்சிருவ."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

சற்றுக் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான் போறதுல உனக்கு இஷ்டமில்லன்னு தெரியும்."

"தெரியுமில்ல? அப்ப கழுத்த நேரா வச்சுக்க."

எனக்கு இந்த இரண்டு பேரையும் பிடித்துப்போய்விட்டது. எழுதுகிறவனுக்கு இது நல்லதல்ல.

5

முடிவை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். தேர்வானால் அர்னெலுக்காக மனம் கனக்கிறது, தோற்றால் ஜெர்லினுக்காக. ஒரு போலீஸ்காரியை உருவாக்க ஆகும் செலவில் இதை எந்த வரியில் போடுவது என்று என் ஆசிரியருக்கும் தெரியாது.

இப்போது ஜெர்லின் அளவுகோலை ஒட்டி நிற்கிறாள். குறுக்குக்கட்டை அவள் உச்சந்தலையை நோக்கி இறங்குகிறது. அது எங்கே நிற்க வேண்டும் என்பதை உங்களிடம் விடுகிறேன், எனக்குத் தைரியமில்லை. சொல்வதற்கு முன் வேலிப் பக்கம் ஒருமுறை பாருங்கள். அங்கே அர்னெல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தனக்கே தெரியாமல், கால் நுனியில் எம்பி நிற்கிறான்.