பாதை உடைந்த மூன்றாவது வாரம்

மரியகொரட்டி அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று தடவை மனசை மாற்றிக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு, பேக்கரியை முழுசாக எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கத்து ஹோட்டல்களுக்கே திருப்பிவிடுவது என்று இருந்தாள். ஒன்பது மணிக்கு, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கேக் கடை போட்டால் என்ன என்று யாருக்கோ போன் எடுத்து இடம் விசாரித்தாள். பதினொன்றரைக்கு இரண்டும் வேண்டாம், முறுக்கும் மிக்ஸரும் பைக்கற் போட்டு விற்கலாம் என்று தோன்றியது. கெட்டுப்போகாத சாமான், எத்தனை நாள் மழை பெய்தாலும் தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் அதுதான் சரி என்று நெஞ்சு அடித்துச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்தில் அது ஆறிப்போனது.

லுணுகலை டவுனில் பாண், அதாவது ரொட்டி சுடுகிற பேக்கரி வைத்திருப்பவள் அவள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வீட்டுப் பின்பக்கத்தில் பாண் சுட ஒரு சின்னப் போறணை அடுப்போடு தொடங்கியது. இன்றைக்கு ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். நான்கு ஆட்டோக்கள் விடியற்காலையில் பாணை ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறும். ஊரடங்குக் காலத்தையும் தாண்டினாள். மாவும் டீசலும் கிடைக்காத அந்த வருஷத்தையும் தாண்டினாள். அப்போதெல்லாம் எது இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. மா இல்லையென்றால் மா தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான். இப்போது மா இருந்தது, விறகு இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள். இல்லாதது எதுவென்றுதான் பிடிபடவில்லை.

தைப்பொங்கலுக்கு முந்தின மழையில் மடுல்சீமைப் பக்கம் ஏறுகிற பாதை ஓரிடத்தில் அப்படியே சரிந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. அவளுடைய பாணில் பாதி அந்தப் பாதையில்தான் ஏறும். எப்போது திருத்துவார்கள் என்று கேட்டால் ஒருவர் இரண்டு வாரம் என்றார், இன்னொருவர் சித்திரைக்குப் பிறகு என்றார். மூன்றாவது ஆள் சிரித்தார். இரண்டு ஆட்டோக்கள் பேக்கரி வாசலில் சும்மா நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் போறணைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அந்த நடையின் விளைவு தெரிந்தது. எல்ல ஹோட்டல்களுக்கு மாதிரி காட்டுவதற்காகப் பால் ஊற்றி மெத்தென்ற மா பிசையும்படி இன்பாஸிடம் சொன்னவள், ஒரு மணி நேரம் கழித்து மேசையில் நின்ற பெண்களிடம் வழக்கமான பாண் மாவையும் பிசையச் சொல்லிவிட்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் பொங்கி நின்றன. போறணை ஒன்றுதான். பாண் உள்ளே போக, பால் மா வெளியே கிடந்து பொங்கித் தாழ்ந்து புளித்துப் போனது.

இன்பாஸ் அங்கே தலைமை பாஸ், போறணையைப் பார்க்கிற மேஸ்திரி. முதல் நாளிலிருந்து அவளோடு இருப்பவர். புளித்த மாவை வாளியில் அள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, ஒன்னு சொல்லட்டா? கோவப்படக்கூடாது."

"சொல்லுங்க பாஸ்."

"காலைல ஒன்னு சொல்றீங்க, மத்தியானம் வேற சொல்றீங்க. கஷ்டகாலம்னு எங்களுக்குத் தெரியாதா? பாண் கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது. ஆனா நாளைக்கு என்ன மா பெசையிறதுன்னு தெரியாம நான் எப்படிங்க போறணைய மூட்டுறது? அந்தப் புள்ளைங்க ஏங்கிட்ட வந்து கேக்குதுங்க, நான் என்னத்த சொல்ல?"

"எனக்கும் தெரியலையே பாஸ். தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"வெலிமடையில ஒரு பேக்கரிக்குக் கூப்புடுறாங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "சனிக்கெழம வரைக்கும் பாக்குறேங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது. வாசலுக்குப் போனாள். சும்மா நின்ற ஆட்டோவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் பசறையில் பஸ் மாறி எல்லக்குப் போனாள். அங்கே றின்ஸா ஒரு கபே நடத்துகிறாள். சுற்றியுள்ள எட்டு விடுதிகளுக்கு வேண்டிய சாமான்களையும் அவள்தான் பிடித்துக் கொடுப்பாள். பேக்கரியின் பாண் முழுவதையும் தனக்கே தர வேண்டும் என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவளும் அவள்தான். கபேயில் பன்னிரண்டு மேசை இருந்தது. இரண்டில் மட்டும் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள்.

"எழுத்துல போட்டுக்குவமா அக்கா?" என்று றின்ஸா தேத்தண்ணியை முன்னால் வைத்தாள்.

"எவ்வளவு நாளைக்கு எடுப்பீங்க? ஒரு வருஷத்துக்காவது உறுதியாச் சொல்ல முடியுமா?"

றின்ஸா சிரித்துவிட்டாள். "எனக்கு எப்படித் தெரியும் அக்கா? ரயில் ஒழுங்கா ஓடினா ஆள் வரும். ஆள் வந்தா பாண் வேணும். வராட்டி போன் எடுத்து நாளைக்கு வேணாம்னு சொல்லுவேன். நான் பொய் சொல்லல்ல. நீங்க தினமும் தருவீங்கங்கிற நம்பிக்கையில நான் ஓடலாம்னு பாத்தேன்."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் கொரட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். நமுனுகுல மலை மேகத்துக்குள் இருந்தது. உறுதி தேடி அவள் றின்ஸாவிடம் போனாள். றின்ஸாவோ உறுதிக்காக அவளை நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரிடமும் அது இல்லை. அப்படியானால் யாரிடம் இருக்கிறது? அரசாங்கத்திடமா? வானத்திடமா? பசறையில் இறங்கும்போது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒரு பிளேன்டீ வாங்கி, பாதியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

வியாழன் காலை அவளால் பேக்கரியில் நிற்கவே முடியவில்லை. மடுல்சீமை ஆட்டோவின் டிரைவர் நிஷாந்த் வாசலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடு நிஷாந்த். ஒடஞ்ச எடம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"போயி என்னக்கா செய்யிறது?"

"எனக்கு மட்டும் தெரியுமா? எடு."

ஏதோ தோன்றி நாற்பது பாணை ஏற்றச் சொன்னாள்.

உடைந்த இடத்தைப் போட்டோவில் பார்த்திருந்தாள். நேரில் வேறு மாதிரி இருந்தது. நூறு அடி நீளத்துக்குப் பாதை இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரும் பாறையுமாகக் கிடந்தது. ஆனால் அதன் மேல்பக்கமாக மனிதர்கள் நடந்து நடந்து ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. பிடித்துக்கொள்ள யாரோ கயிறு கட்டியிருந்தார்கள். அரிசிப் பையும் காஸ் சிலிண்டருமாக ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வாகனம்தான் போக முடியாதே தவிர ஆள் போகலாம் என்பதை இந்த மூன்று வாரத்தில் அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். நிஷாந்த் பாண் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

அந்தப் பக்கத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் பாதையோரமாகவே இருக்கிறது. கேற்றடியில் குடையோடு நின்ற ஆசிரியை அவளைப் பார்த்ததும் முன்னுக்கு வந்தார். சரோஜாதேவி, யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு வருஷமாக அங்கேயே தங்கிப் படிப்பிக்கிறார். வாரம் தவறாமல் பாண் வண்டியில் பணிஸ் என்கிற பன் வாங்குகிறவர்.

"பாண் வண்டி அக்கா நீங்கள்தானே? இப்பவாவது வந்தியளே."

"ரோடு ஒடஞ்சிருச்சே டீச்சர். எப்படி வர்றது?"

"அது எங்களுக்குத் தெரியாதோ? ரோட்டுக்கு நான் உங்களைக் குறை சொல்லேல்லை." அவர் குரல் உயரவில்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை. "விடிய பெரட்டில பேர் பதிஞ்சு வேலைக்குப் போற அம்மாமார் உங்கட பாணைத்தான் பிள்ளையளுக்குக் குடுத்திட்டுப் போறவை. பாதை உடைஞ்ச முதல் கிழமை முழுக்க அஞ்சரைக்கு வந்து இந்த ரோட்டில நிண்டிச்சினம். ரெண்டாம் கிழமையும் கொஞ்சப் பேர் நிண்டவை. வரமாட்டியள் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பினம். வருவம் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டம் எண்டும் சொல்லேல்லை. என்ர வகுப்பில பாதிப் பிள்ளையள் வெறும் வயித்தோட வருகுதுகள்."

கொரட்டிக்கு முகம் சுட்டது. இரண்டு நாளைக்கு முன்னால் இன்பாஸ் சொன்னதும் இதைத்தான். அவள் தன் குழப்பம் தன் தலைக்குள் மட்டும் இருப்பதாக நினைத்திருந்தாள். அது போறணையடியில் புளித்த மாவாகக் கிடந்தது. இங்கே ஐந்தரை மணிக் குளிரில் மழைக் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தது.

"நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர்" என்றாள். நாற்பது பாணும் இருந்த பெட்டியைப் பிள்ளைகளுக்காக அங்கேயே இறக்கிவைக்கச் சொன்னாள்.

வளைவில் ஒரு ஆட்டோ பொலித்தீன் போர்த்தி நின்றது. அதன் சொந்தக்காரன் ஜொனி, முப்பத்தைந்து வயதுக்காரன், உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்தான். பாதை உடைந்த அன்று மேல்பக்கம் மாட்டிக்கொண்டவன். வாடகைக்கு ஹயர் ஓட இந்தப் பக்கத்தில் இரண்டு மைல் பாதைதான் மிச்சம்.

"ஓடுமா இது?" என்று கொரட்டி கேட்டாள்.

"ஓடாம என்னங்க? பெட்ரோல்தான் இல்ல. கீழ இருந்து கொண்டு வரணும்."

"பெட்ரோல் நான் அனுப்புறேன். நம்ம வண்டி அந்தப் பக்கம் வரைக்கும் வரும். பெட்டிய ஆளுங்க தூக்கிக் கொண்டுவந்து இங்க வைப்பாங்க. அஞ்சேகாலுக்கு ஒங்க வண்டியில ஏத்தி தோட்டத்து மூனு டிவிசனுக்கும் கொண்டு போகணும். முடியுமா?"

ஜொனி எழுந்து உட்கார்ந்தான். "எத்தன நாளைக்குங்க?"

அந்தக் கேள்வி அவளை ஒரு கணம் நிறுத்தியது. நேற்று றின்ஸாவிடம் அவள் கேட்ட அதே கேள்வி. பாதை எப்போது வரும் என்று யோசித்துப் பதில் தேடினால் இதற்கு எந்தக் காலத்திலும் பதில் கிடைக்காது. ஆனால் அவன் பாதையைப் பற்றிக் கேட்கவில்லை. அவளைப் பற்றிக் கேட்டான்.

"ஈஸ்டர் வரைக்கும்" என்றாள். "ரோடு வந்தாலும் வராட்டியும். அதுக்குப் பொறகு என்ன செய்யிறதுன்னு ஈஸ்டருக்கு முந்தியே ஒங்ககிட்ட சொல்லுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே புரிந்தது. ஆனால் இந்தத் தடவை அரை மணி நேரம் கழித்தும் அந்த முடிவு ஆறிப்போகவில்லை. கயிற்றைப் பிடித்துத் திரும்பி வரும்போதும், ஆட்டோவில் மலை இறங்கும்போதும், டவுனில் கால் வைத்தபோதும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேரையும் டிரைவர்களையும் மா மேசையைச் சுற்றி நிற்க வைத்தாள்.

"மழ எப்ப விடும்னு எனக்குத் தெரியாது. ரோடு எப்பன்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சுத்தான் இத்தன நாளும் ஒங்கள அலைக்கழிச்சேன். இப்ப நாம செய்யப்போறது ஒன்னுதான். தோட்டத்துக்கு அஞ்சரைக்குள்ள பாண் போகணும். எந்த வழியிலயாவது போகணும். போக முடியாத நாள்ல, வராதுன்னு முந்தின நாளே அங்க சொல்லிப்புடணும். ஈஸ்டர் வரைக்கும் இதுதான் வேல. கேக் கட இல்ல, முறுக்கு இல்ல. எல்லக்கும் இப்போதைக்கு இல்ல."

யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் "மடுல்சீமைக்குப் பழையபடியா, கொறச்சா?" என்று கேட்டாள்.

"பாதி. தூக்கிக் கொண்டு போகணும்ல."

இன்பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நாளைக்கு எத்தன மூட்டை மா?"

வெலிமடையைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் றின்ஸாவுக்குப் போன் எடுத்து, முடியாது என்று நேராகச் சொன்னாள். "சரி அக்கா. இழுக்காமச் சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள் றின்ஸா. இரண்டு நாளில் பண்டாரவளைப் பேக்கரி ஒன்று அந்த எட்டு விடுதிகளையும் எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டாள். அதற்கடுத்த வாரம் எல்லயில் ரயிலில் ஆட்கள் வந்து இறங்குவதாகவும் சொன்னார்கள். நெஞ்சில் சுருக்கென்றது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று வாசலுக்கும் போறணைக்குமாக நடந்தாள். ஆனால் நடந்தாளே தவிர, யாரையும் கூப்பிட்டு எதையும் மாற்றச் சொல்லவில்லை.

கயிற்றைப் பிடித்து நடந்த ஆட்களின் தலையில் பெட்டிகள் மண்மேட்டைக் கடந்தன. முதல் நாள் ஒரு பெட்டி சேற்றில் விழுந்தது. இரண்டாம் நாள் பொலித்தீன் சுற்றினார்கள். ஐந்தாம் நாள், தானே போய்ப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு பேக்கரியிலேயே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை மழை கொட்டியது. ஏழு மணியாகியும் நிஷாந்திடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொரட்டி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஏழரைக்கு அவனே எடுத்தான்.

"முடிஞ்சிச்சுக்கா. எறங்கி வந்துக்கிட்டு இருக்கேன்."

"இவ்வளவு நேரம் என்னடா ஆச்சு?"

"ஜொனி அண்ணன் வண்டி ஸ்டார்ட் ஆகல. தண்ணி புகுந்திருச்சு. கிட்டத்துல இருக்குற ரெண்டு டிவிசனுக்கும் நாங்க தூக்கிக்கிட்டு நடந்தே போயிட்டோம். மேல் டிவிசன் ரொம்ப தூரம். அங்க தோட்டத் தலைவருக்குப் போன் பண்ணி ஆளனுப்பச் சொன்னோம். ரெண்டு பேர் வந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் லேட்டுதான். ஆறு மணி ஆச்சு."

"அப்பவே எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்து என்னக்கா கேக்குறது?" என்றான் நிஷாந்த். "பாண் போகணும், அவ்வளவுதானே. போயிருச்சு."

அவளுக்கு முதலில் சின்னதாக ஒரு மனத்தாங்கல் வந்தது, தன்னைக் கேட்காமலே காரியம் நடந்துவிட்டதே என்று. பிறகு அது போனது. போனை மேசையில் வைத்தாள். இன்பாஸ் போறணையிலிருந்து இரண்டாம் சூட்டுப் பாணை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துச் சுடச்சுடப் பிய்த்து, தேங்காய்ச் சம்பல் வைத்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.