பதினொரு மணி மேடு

எங்கள் சின்ன அருங்காட்சியகத்துக்கு முதன்முதலாக ஓர் ஓவியம் இரவலாக வந்திருந்தது. மரப்பலகையில் தீட்டிய படம். ஒரு பெண் வெங்காயம் உரிக்கிறாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டுக் கண்ணீர், விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது. அந்தச் சொட்டுக்காக நான் மூன்று வருடம் நடையாய் நடந்திருக்கிறேன். ஓவியங்கள் கெடாமல் காப்பது என் வேலை.

சொந்தக்காரர் ஓய்வுபெற்ற மருத்துவச்சி. படத்தில் இருப்பவர் அவருடைய அம்மா. பலகை ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், உப்பினால் வண்ணம் செதில் செதிலாக உதிரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சுவரோரம் இருந்த ஈரப்பதக் கருவியைக் காட்டி, "இந்தக் கோடு அம்பத்தஞ்சைத் தொட்டுச்சுன்னா அன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுவேன். வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன்" என்றார். நானும் பெரிய இவள் மாதிரித் தலையை ஆட்டிவைத்தேன்.

கருவி பழைய மாதிரி. சுழலும் உருளையில் ஒரு வாரத்துக்கான காகிதம் சுற்றியிருக்கும். அதன்மேல் ஒரு பேனா தானாகக் கோடு இழுக்கும். திங்களன்று கோடு ஐம்பதில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஒரு மேடு. செவ்வாயன்று அதே பதினொரு மணிக்கு இன்னும் உயரமாக ஒரு மேடு. வெளியே அடைமழை. ஈரக்காற்று உள்ளே நுழையாதபடி கதவைச் சாத்தியே வைக்க வேண்டும் என்று நான் கண்டிப்பாக உத்தரவு போட்டிருந்தேன். பிறகு எப்படி?

துப்புரவுப் பொறுப்பு என் நாத்தனாருடையது. குளிர்சாதன இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் என் கணவர். சந்தேகப்படக் குடும்பத்தை விட்டு வெளியே போகவே தேவையில்லை.

"தரையை ஈரத்துணியால துடைக்கிறியா?"

"காஞ்ச துணிதான் அண்ணி. உங்க வீட்டுக்காரரோட மெஷினைக் கேளுங்க."

"அவர் உனக்கு அண்ணன்டி!"

"வீட்டுலதான் அண்ணன்."

கணவர் இயந்திரத்தை மூன்று முறை கழற்றி மாட்டினார். "என் மெஷின் மேல பழி போடாதே" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை முதல், திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காவல் போட்டோம். பதினொரு மணித் தேநீர் குடித்த கையோடு ஊழியர்கள் எல்லோரும் படத்தைப் பார்க்க வருவது திங்களிலிருந்தே வழக்கமாகிவிட்டிருந்தது. இப்போது நனைந்த சட்டையோடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஏழு பேரும் பேனாவையே முறைத்தபடி நின்றோம். பேனா எங்களுக்குப் பயப்படவில்லை. வியாழனன்று ஐம்பத்துநான்கைத் தொட்டது.

வெள்ளி, பதினொரு மணி. ஐம்பத்துநான்கரை. கதவைத் திறந்துகொண்டு மருத்துவச்சி வந்தார். நான் பழக்கதோஷத்தில் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினேன். எங்கள் கண்ணெதிரே பேனா ஐம்பத்தைந்தில் போய் உட்கார்ந்தது.

அவர் பேனாவைப் பார்க்கவில்லை. விரலை நீட்டி எங்களை எண்ணினார்.

"தினமும் இத்தனை பேரா? கதவையும் சாத்திக்கிட்டா?"

"ஆமாங்க. காவலுக்கு."

"பிரசவ ரூம்ல நான் முதல்ல பண்ற வேலையே சொந்தக்காரங்களை வெளிய தள்ளுறதுதான். எல்லாரும் நல்ல மனசோடதான் நிப்பாங்க. கிளம்புங்க, கிளம்புங்க!"

எங்களோடு அவரும் வெளியே வந்தார். அரைமணி நேரம் வராந்தாவில் நின்றோம். பிறகு நான் மட்டும் போய் எட்டிப் பார்த்தேன். பேனா ஐம்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. இத்தனை வருடம் படித்துக் கிழித்த நான், வெளிக்காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஏழு பேரின் மூச்சையும் ஈரச்சட்டையையும் உள்ளே அடைத்து வைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னோடதுதான். கதவைச் சாத்தச் சொன்னது நான். கோடும் தொட்டுடுச்சு. நீங்க எடுத்துட்டுப் போகலாம்" என்றேன்.

கணவர் தன் இயந்திரத்துக்கு நியாயம் கிடைத்த பூரிப்பை மறைக்கப் படாத பாடு பட்டார்.

மருத்துவச்சி என் நாத்தனாரிடம் திரும்பினார். "பேனாவைப் பாக்கத்தான் தினமும் வந்தியா?"

"அதுக்கில்லம்மா. அந்தச் சொட்டு விழுந்துடுச்சான்னு பாக்கத்தான் வந்தேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா எங்க கூடத்துல தொங்குது. ஒருத்தர் நின்னு பாத்ததில்ல. இங்க என்னடான்னா அம்மாவுக்கு மூச்சு முட்டுற அளவுக்குக் கூட்டம்! இருக்கட்டும். ஆனா ரெண்டு பேருக்கு மேல உள்ள போகக் கூடாது."

அன்றே கதவில் அறிவிப்பு ஒட்டினேன். ஒரு தடவைக்கு இரண்டு பேர், ஐந்து நிமிடம்.

அடுத்த வாரக் காகிதத்தில் கோடு நேராக ஓடியது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் ஐம்பத்துமூன்று வரை ஒரு மேடு. மருத்துவச்சி மகனையும் மருமகளையும் பேத்திகள் மூவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன். ஐந்து நிமிடம் ஆனதும் கதவைத் தட்டவேண்டும். பத்தாவது நிமிடம்தான் தட்டினேன்.