பதினான்கு பேர் கும்பிடும் பேனர்

வங்கி அதிகாரி ஜெயசித்ரா என் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி மாவுக் கடை போட்டு ஐந்து மாதம் ஆகிறது. பெண்கள் விடுதி ஒன்றில் தினமும் நாற்பது கிலோ மாவு கேட்டிருந்தார்கள். ஆனால் திங்கட்கிழமைக்குள் கடை பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு கடைக்கு. ஆதார், பான், லைசென்ஸ் எல்லாம் கொடுத்துவிட்டேன். பெயர்ப் பலகையோடு என்னைப் போட்டோ எடுப்பதுதான் பாக்கி.

அந்தப் பலகையில்தான் வில்லங்கம். திறப்பு விழாவுக்கு என் வீட்டுக்காரர் அரியமுத்து அடித்த பிளெக்ஸ் பேனரே கடை முகப்பில் பலகையாகத் தொங்கியது. நடுவில் கூலிங் கிளாஸோடு அவர். சுற்றிலும் அவர் அண்ணன், மாமா, கூட்டாளிகள் என்று மொத்தம் பதினான்கு பேர், எல்லோரும் கும்பிட்டபடி. ஒருத்தரும் ஒரு நாளாவது உளுந்து ஊறப் போட்டதில்லை.

"இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்றார் ஜெயசித்ரா.

"நான் இல்லீங்க மேடம்."

"கடைப் பேரு?"

கீழே ஒரு மீசைக்காரருக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த 'அம்சவள்ளி மாவகம்' என்பதைக் காட்டினேன்.

"போட்டோவுல பேரே தெரியாதும்மா. போர்டு மாத்திருங்க, அடுத்த வாரம் வரேன்."

அடுத்த வாரமா! எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரைக்கிறவள் நான், வாசலில் நிற்பது இவர்களா?

"ஒரு பத்து நிமிஷம் இருங்க மேடம்" என்று ஸ்டூலில் ஏறிப் பேனர் கயிற்றை அவிழ்த்தேன். எதிர் டீக்கடையிலிருந்து அரியமுத்து ஓடி வந்தார்.

"ஏ வள்ளி, அதுல எங்க மாமா இருக்காருடி!"

"அவரு வந்து மாவாட்டுவாரா?"

அவர் ஆடிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

பேனரைத் தரையில் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஷட்டருக்கு அடித்த பச்சை பெயிண்ட் மிச்சமிருந்தது. பிரஷ்ஷை எடுத்தேன்.

"இங்க குடு. ஒன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்" என்று அரியமுத்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். 'அம்சவள்ளி மாவகம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். நான் சொல்லாமலே, கீழே 'உரிமையாளர்: அ. அம்சவள்ளி' என்றும் சேர்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

எழுத்து தெருப் பக்கம் தெரியும்படி பேனரை மறுபடி கட்டி, அதன் கீழே நின்றேன். ஜெயசித்ரா சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார். வெள்ளிக்கிழமை கணக்கு எண் வந்தது, திங்கட்கிழமை நாற்பது கிலோவும் விடுதிக்குப் போனது.

பேனர் இன்றும் அப்படியே தொங்குகிறது. தெருவுக்கு என் பெயர். உள்பக்கம், நான் கிரைண்டர் முன்னால் நின்று நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், பதினான்கு பேரும் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்.