புதுத் தாடைக்குப் பழைய துரு

விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வருகிறார் என்றதும்தான் முதலாளிக்கு ஞானோதயம் பிறந்தது. பட்டறையின் பெரிய பெஞ்ச் வைஸில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு தாடைகளும் பல் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன என்று ஃபிட்டர் மூன்று முறை சொல்லியிருந்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஒரு வருஷம் ஓடியது. போன வாரம் அந்த வைஸில் பிடித்திருந்த கம்பி, சுத்தியல் அடியில் நழுவித் தெறித்து, அங்கேயே வேலை பார்த்த ஃபிட்டருடைய தங்கை புருஷனின் வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது.

"புதுசா ஒரு ஜோடி செஞ்சு மாட்டிடுங்க," என்றார் முதலாளி. "ஆனா புதுசு மாதிரி தெரியக் கூடாது. வீட்ல ரெண்டு பொண்ணு இருக்குல்ல உங்களுக்கு? யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? வேலை போனால் ஐம்பத்து மூன்று வயதில் எவன் சேர்த்துக்கொள்வான்? ஃபிட்டர் எஃகுப் பட்டையை அறுத்தார், துளை போட்டார், முக்கோண அரத்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பல் வெட்டினார். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். பிறகு உப்புத் தண்ணீர் தெளித்துத் துருவேற்றி, பல் இடுக்குகளில் பழைய கிரீஸையும் அரத்தூளையும் அப்பினார். வேலை வெகு சுத்தமாக அமைந்துவிட்டது. பாழாய்ப்போன மனசு அதைப் பார்த்து ஒரு கணம் பெருமையும் பட்டது.

புதன்கிழமை காலை வந்த இன்ஸ்பெக்டர் வைஸின் தாடையில் கட்டைவிரலை ஓட்டினார். "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எப்ப மாட்டினது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு சார்," என்றார் ஃபிட்டர்.

'தொழிலாளி வைஸைச் சரியாக முறுக்கவில்லை' என்று அவர் எழுதியதற்குக் கீழே ஃபிட்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், பாதி முகம் கட்டோடு படுத்திருந்த தங்கை புருஷன் அவர் குரலைக் கேட்டதும் எழப் பார்த்தான். "மச்சான், அந்தத் தாடைய மொதல்ல மாத்தச் சொல்லுங்க. அடுத்து நீங்கதான் அங்க நிப்பீங்க. எனக்கு அதே கவலையா இருக்கு."

"மாத்தியாச்சு மாப்ள. நானே செஞ்சேன்."

"அப்பாடா! நீங்க செஞ்சா பிசகாது."

பாலை ஆற்றிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அண்ணன் முகத்தைப் படித்தவள். "எப்பண்ணா மாத்தின? இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

காலையில் தங்குதடையில்லாமல் வந்த பொய், இப்போது வரவில்லை.

"முன்னாடி," என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். போர்வையைப் புருஷனின் கழுத்துவரை இழுத்து மூடினாள். பிறகு அண்ணனை வாசல்வரை கூட்டிவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீ கிளம்புண்ணா. அவருக்கு இன்னும் புரியல. புரியறப்போ நீ இங்க இருக்க வேண்டாம்."