கோரின் அண்ணி வீட்டு வாசலில்

என் மனைவி நாடீனின் அக்கா கோரினுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. எனக்கோ அது இடுப்பில் இல்லாமல் வெளியே கிளம்பினால் பேன்ட் போட மறந்த மாதிரி இருக்கும். எங்கள் ஊரான லபக்கில், எங்கள் தெருவில், இதையெல்லாம் யாரும் ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை. கோரின் இருப்பது ஆஸ்டினில். அங்கே எல்லாமே விஷயம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் கோரின்-வாரன் தம்பதி வீட்டு நன்றி நாள் விருந்தில், கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தேன். சட்டை மேலே ஏறிவிட்டது. "என் சாப்பாட்டு மேஜையில துப்பாக்கியா?" என்று கோரின் போட்ட சத்தத்தில் தட்டில் இருந்த வான்கோழியே எழுந்து ஓடியிருக்கும். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. நாடீன் வெளியே வீம்பாகத்தான் இருந்தாள். அக்கா பிறந்த நாள் வந்தால் மட்டும் பாத்திரங்களை உடைக்காத குறையாகத் தேய்ப்பாள். பாவம், எல்லாம் என்னால்.

இந்த வருடம் கோரினே கடிதம் போட்டு விருந்துக்குக் கூப்பிட்டாள், துப்பாக்கி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

காரில் நாடீன் கேட்டாள். "வெண்டல், அதை வீட்லயே வச்சுட்டு வந்துட்டதானே?"

"ஆமாம்மா."

பச்சைப் பொய். சட்டைக்குள் வலப்பக்கம் பத்திரமாக இருந்தது. பிடிவாதம், வேறென்ன?

"இன்னிக்கும் ஏதாவது ஆச்சுன்னா எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லாமலே போயிடும்" என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது.

அந்தக் குடும்பத்தில் வாசலில் கட்டிப்பிடிக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய கண்டம். ஆனால் அதற்கும் எங்களிடம் ஒரு வித்தை உண்டு. நம் கைகளை முந்திக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். எதிராளியின் கைகள் வேறு வழியில்லாமல் தோளுக்கு மேலே போய்விடும். இடுப்புப் பக்கம் வராது. எங்கள் சர்ச்சில் பாதிப் பேர் இப்படித்தான் தழுவிக்கொள்வோம்.

கோரின் கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். நான் கைகளைக் கீழே இறக்கினேன். அவளும் இறக்கினாள். நான் இன்னும் கீழே போனேன். அவளும் வந்தாள். இரண்டு பேரும் முழங்காலை மடக்கி நண்டு மாதிரி நின்றோம். அவள் கை என் இடுப்பில் இடித்தது. என் கை அவள் கம்பளிச் சட்டைக்குள் எதிலோ இடித்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாதா?

"அண்ணி..."

"வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்" என்று காதில் சீறினாள். "நானும் சொல்லல, நீயும் சொல்லாதே."

"ரெண்டு பேரும் என்ன டான்ஸா ஆடுறீங்க?" பின்னால் பூசணிப் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு நாடீன்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கோரினும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கிவிட்டது. சட்டை ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"திட்டணும்னா என்னையும் சேர்த்துத் திட்டுடி. வாரன் என்னை விட்டுட்டுப் போயிட்டான். தனியா இருக்கேன். கதவு லேசா ஆடினாக்கூட பயமா இருக்கு."

நாடீன் தட்டை என் கையில் திணித்தாள். 'உனக்கு அப்புறம் இருக்கு' என்று ஒரு பார்வை.

"ஏன்க்கா, பயமா இருந்தா துப்பாக்கிக் கடைக்கா போவே? எனக்கு ஒரு போன் பண்ண மாட்டியா?"

"நீ எடுக்காம விட்டுடுவியோன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு."

நாடீன் அவளை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள், எது எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல்.