இரு கரைக்கும் சக்கரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை லெவல் கிராசிங்கில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்ட எரிச்சலில் பிறந்தது. பக்கத்துச் சரக்கு முற்றத்தில் ஒரு ரயில் நின்றது. அதன்மேல் லாரிகள் ஒரு வேகனிலிருந்து அடுத்த வேகனுக்கு, ஏதோ தெருவில் போவதுபோல் ஏறிப் போயின. நடு இடைவெளியை ஒரு மடக்குச் சாய்தளம் மூடியிருந்தது. மடக்கினால் வேகன் முனையில் நிமிர்ந்து நிற்கும், விரித்தால் பாலம். பட்டாளத்தில் ஆற்றின்மேல் விரிப்பார்களே, அதற்குத் தம்பி முறை.

முதல் வரி இப்படி வந்தது: ‘இரும்பின் இதயம் துடித்தது, அந்த...’ (அடித்துவிட்டேன். இரும்புக்கு ஏது இதயம்?)

2

ஆகவே மனிதர்களிடம் வருகிறேன். வேகன் பணிமனையில் ஒரு மேஸ்திரி. அந்தச் சாய்தளத்தை மூன்று வருடம் வரைந்து, வெட்டி, திட்டு வாங்கி உருவாக்கியவள். அவள் கணவர் பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று, அவளுக்குக் கீழேயே தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார். பணிமனை அவருக்கு வைத்த பெயர் ‘பாலம்’.

(முதல் வரைவில் அவரை முரடராக்கிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. மனைவியின் டிபன் டப்பாவையும் சேர்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றார்.)

“இதெல்லாம் ஒரு வேலையா? நாங்க கழுத்தளவு தண்ணியில நின்னு போட்டிருக்கோம்.”

“பெயிண்ட் அடிக்கலைல்ல? போய் அடிங்க.”

அடித்தார்.

3

சோதனை நாள். சாய்தளத்தின் ஒரு முனை கீலில் மாட்டியிருந்தது. மறுமுனை அடுத்த வேகன்மேல் சும்மா படுத்துக் கிடந்தது. கடைசியாக ஒரு சுற்று வந்த கணவர் ‘பாலம்’ அதைப் பார்த்ததும் குனிந்து அசைத்துப் பார்த்தார்; கட்டே இல்லை. அவர் பிரிவில் ஒரு முனையை இறுக்காமல் விட்டால் தண்டனை நிச்சயம். பாவம், மறந்துவிட்டாள்; எல்லார் முன்னாலும் சொன்னால் அவளுக்குத் தலைகுனிவு. சத்தமில்லாமல் சங்கிலி போட்டு, போல்ட் வைத்து முடுக்கினார். அன்பில் செய்த வேலை, நன்றாகவே முடுக்கினார்.

(ஆற்றுக்கு இரு கரையும் அசையாது. ரயிலில் இரு கரைக்கும் சக்கரம். வேகன்கள் கொஞ்சம் நெருங்கும், விலகும். அதற்கு இடம்கொடுக்கத்தான் ஒரு முனையைக் கட்டாமல் விடுவது.)

லாரி ஏறுவதற்கு முன் இன்ஜின் லேசாக இழுத்தது. கீல் பிய்ந்து சாய்தளம் தொங்கியது. யாருக்கும் அடியில்லை.

சோதனையைப் பார்க்க வந்திருந்த ஆய்வாளர் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். “இதை யார் கட்டினது?”

4

முடிவு அ: அவர் ஒப்புக்கொள்கிறார். தற்காலிக வேலை அன்றோடு போகிறது.

முடிவு ஆ: “அந்த முனையை ஏன் கட்டக்கூடாதுன்னு நான் அவருக்குச் சொல்லவே இல்லை, தப்பு என்னோடது” என்கிறாள் அவள். அதுவும் உண்மைதான். ஆனால் ஆய்வாளர் தன் படிவத்தில் மேஸ்திரியின் தவறு என்று எழுதினால் அவளுடைய மூன்று வருடமும் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும்.

முடிவு இ: ஆய்வாளர் சிரித்து மன்னித்து... (நானே நம்பவில்லை.)

நான் இப்படிக் குழம்பிக்கொண்டிருக்கையில் இருவரும் ஒரே நேரத்தில் “நான்தான்” என்றுவிட்டார்கள்.

“நீ சும்மா இரு.”

“நீங்க சும்மா இருங்க.”

படிவத்தில் ‘பொறுப்பு’ என்ற கட்டத்தில் ஒருவருக்குத்தான் இடம். எனக்கு இந்த இரண்டு பேரையும் பிடித்துப்போய்விட்டது. என் கையால் எழுத மாட்டேன். படிவத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

எழுதும் முன் ஒன்று. படிவத்தை நோக்கி அவள் கை நீள்கிறது. இத்தனை பேர் பார்க்க, அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. இதில் யாரைத் தனியாக எழுதப்போகிறீர்கள்?