பெட்சியின் படகில் ஐம்பத்தெட்டு கிலோ

பந்தயம் முடிந்ததும் ஒலிம்பிக் அதிகாரிகள் பெட்சியின் ஒற்றையாள் படகைத் தராசில் மூன்று முறை ஏற்றினார்கள். பதினான்கு கிலோ இருக்க வேண்டிய வெறும் படகு மூன்று முறையும் எழுபத்திரண்டு காட்டியது. எடை குறையக் கூடாது என்றுதான் விதியில் இருந்தது. கூடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே கடைசி இடம் என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கூடுதலாக இருந்த ஐம்பத்தெட்டு கிலோ அவள் தங்கை லின்சியின் எடை. அவள் ஊரான கைனகரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அக்காளும் தங்கையும் ஒன்பது வருடம் புன்னமடைக் காயலில் இரண்டாள் படகில் துடுப்பு வலித்தவர்கள். லின்சிக்குப் பின்னிருக்கை என்பதால் படகில் பெட்சி அவளைப் பார்த்ததே இல்லை. மூச்சை மட்டும் கேட்டிருக்கிறாள். தேசியப் போட்டியில் தோற்றுத் திரும்பிய வருடம், கர்க்கடக மாதத்து மழையில், படகுத்துறையில் எல்லார் முன்னாலும் பெட்சி வாயை விட்டாள்.

“ஒன்பது வருஷமா உன்னையும் சேத்துல்லடி இழுக்கிறேன். நீ இறங்கித் தொலைஞ்சா நான் ஒலிம்பிக்கே போயிருவேன்.”

“இந்தா, இறங்கிட்டேன் சேச்சி. போய்க் காட்டு.”

லின்சி தனியாகச் சிறு வள்ளம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். நடுக்காயலில் காற்று வள்ளத்தைக் கவிழ்த்தது. மூன்றாம் நாள் ஆகாயத்தாமரைக்கு அடியில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த வாரமே பெட்சி ஒற்றையாள் படகில் ஏறினாள். படகு இரண்டு பேர் எடைக்கு அமிழ்ந்தது. புதுப் படகு வந்தது; அதுவும் அமிழ்ந்தது. பயிற்சியாளர் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். இல்லை என்றதும் விட்டுவிட்டார். நான்கு வருடம் இப்படியே போயிற்று. அம்மா சோசம்மாதான் பொறுக்க மாட்டாமல் பாதிரியாரை அழைத்து வந்தாள். அவர் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்த மறுநாள் எடை இல்லை. அந்த வாரம் நடந்த ஆசியத் தகுதிப் போட்டியில் பெட்சி முதலாவதாக வந்தாள். ஆலப்புழையில் பட்டாசு வெடித்தார்கள். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் இல்லாத அந்த இரண்டாயிரம் மீட்டரையும் அவள் அழுதுகொண்டே கடந்திருந்தாள்.

ஊர் திரும்பியவள் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் கல்லறைக்குப் போனாள். சோசம்மா பின்னாலேயே ஓடினாள்.

“லின்சி, ஒலிம்பிக்ல இடம் கிடைச்சிருச்சு. வா, ஏறிக்கோ.”

“ஐயோ, அவளைக் கூட்டிட்டுப் போனா தோத்துருவேடி!”

“தெரியும் அம்மா. இறங்கச் சொன்னது நான்தானே? நான்தான் கூப்பிடணும்.”

மறுநாள் படகு பழையபடி அமிழ்ந்தது.

ஒலிம்பிக்கில் அவளுக்கு முன்னால் வந்தவள் எல்லையைத் தொட்டு நாற்பத்தொரு வினாடி கழித்து பெட்சி தொட்டாள். தொலைக்காட்சி அதற்குள் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தது. சாயங்காலம்தான் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. “ரெண்டு பேரும் வந்து சேந்துட்டோம் அம்மா,” என்றாள். வெகுநேரம் இரண்டு பக்கமும் அழுகைதான் கேட்டது.

இப்போது பெட்சி ஆலப்புழையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். காலை நேரப் பயணிகள் படகில் அவள் ஏறியதும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். எதிர்ப்பக்கத்துக்கு ஒருவர் பேசாமல் மாறி உட்காருவார். புதிதாக வந்த யாராவது அவளருகே உட்காரப் போனால், மீன்கூடைக்காரி கையைப் பிடித்து இழுத்துக்கொள்வாள்.

“அங்க ஆள் இருக்கு மோளே. இப்படி வா.”